சிறு கடற்படைகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும்

ஒகேனக்கல்லிற் பரிசலையன்றி வேறு கலமறியாத தருமபுரி மாவட்டத்தாராகிய நமக்கு நீர்மூழ்கியைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். 1971-ஆம் ஆண்டில் நம் நாட்டின் இரு கடல்களிலும் நிகழ்ந்தவற்றை அறிந்தார் அங்ஙனம் வினவார்.

அந்நாளிற் பாகிஸ்தான் கடற்படை நம் கடற்படையினும் சிறியது. அதன்பாலிருந்த பெரிய நீர்மூழ்கிகள் நான்கே. அவற்றுள் அமெரிக்காவினின்று பெற்ற பழங்கலமாகிய 'காஜி', நம் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்த்'தைத் தேடி வங்கக்கடலுட் புகுந்தது. அதன் கண்ணிற் படாதபடி விக்ராந்த் அந்தமான் தீவுகளிடையே மறைத்து நிறுத்தப்பட்டது. டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்தருகே காஜி மூழ்கிற்று. அதிலிருந்தார் ஒருவரும் பிழைத்திலர். 9-ஆம் நாள் இரவு, மேலைக்கடலில் தியூவுக்கு அப்பால், 'ஹங்கோர்' என்னும் மற்றொரு நீர்மூழ்கி நம் 'குக்ரி'யை டார்பிடோவால் வீழ்த்திற்று. மாண்டவர் 194 பேர். நம்மவர் நாட்கணக்கில் தேடியும் ஹங்கோர் அகப்படாது கராச்சி சேர்ந்தது.

சிறிய நாடுகள் இக்கலத்தை விரும்புதற்குக் காரணம் இதனால் விளங்கும். டீசல் எந்திரத்தால் மின்கலங்களை நிரப்பிக்கொண்டு, பின்னர் அம்மின்னாற்றலாலேயே ஆழத்தில் ஓசையடங்க ஊர்வது இது. கடல்நீரோ வெம்மையில் வேறுபட்ட அடுக்குகளையுடையது. ஆதலின் தேடுவார் விடுக்கும் ஒலி வளைந்து வேறிடஞ் சென்றுவிடும். நீர்மூழ்கி ஒன்று உளதென்னும் ஐயமே போதும். பகைவர் கப்பல்கள் பல தம் வேலையை விடுத்து அதனைத் தேடிக்கொண்டு திரியும்.

எனவே இது பரவிவருதல் வியப்பன்று. மலேசியா 2009-இல் இரண்டு கலங்களைப் பெற்றது. வியட்நாம் ருசியாவினின்று ஆறு வாங்கிற்று. வங்காளதேசம் சீனாவின் பழங்கலங்கள் இரண்டை 2017 மார்ச்சிற் படையிற் சேர்த்தது. மியன்மாவுக்கு 2020-இல் நம் நாடே 'சிந்துவீர்' என்பதைக் கொடுத்தது. பிறர் கொடுக்குமுன் நாம் கொடுப்போம் என்னும் கருத்துப் போலும்! ஆயினும் மறு ஆண்டே சீனாவும் ஒன்று கொடுத்துவிட்டது.

வாங்குதல் எளிது, பேணுதலே அரிது. இந்தோனேசியாவின் 'நங்கலா' ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்த கலம். 2021 ஏப்ரல் 21-ஆம் நாள் பாலித் தீவுக்கு வடக்கே 53 பேருடன் மூழ்கிய அது மீளவில்லை. யோனா தீர்க்கதரிசி மீன் வயிற்றிலிருந்தது மூன்று நாள். நங்கலாவிலும் பிராணவாயு மூன்று நாளைக்கே போதுமெனக் கணக்கிட்டனர். ஆழத்திற் சென்று ஆட்களை மீட்கும் கலம் இந்தோனேசியாவிடம் இல்லை. சிங்கப்பூர் தன் மீட்புக் கப்பலை விடுத்தது. விசாகப்பட்டினத்தினின்றும் நம் மீட்புக்கலம் புறப்பட்டது. அது சென்று சேருமுன்னரே, 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நங்கலா மூன்று துண்டாய்க் கிடத்தல் தெரியவந்தது.