குழுக் கணக்கைத் தமிழில் அடிக்கலாம், வாங்க!



நம் குழுக்கள் பலவற்றில் தீர்மானப் புத்தகம் தமிழில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றும் கடன் பட்டியல் மட்டும் ஆங்கிலம். யாராவது படித்துச் சொன்னால்தான் நம்ம பேரில் எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்று தெரிகிறது. வள்ளி, வல்லி இரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான்! பட்டியல் தமிழில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்னே நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அரசு 2011ல் மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினியில் விண்டோசுடன் பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் விலை இல்லாத, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள். தமிழ் அடிக்கத் தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

உபுண்டு லினக்ஸ் என்றால், நெட் இருக்கும்போது ‘ஐபஸ் எம்17என்’ என்ற தொகுப்பை ஒருமுறை ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள். பிறகு செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் என்று போய், கூட்டல் குறியை அழுத்தி, தமிழ்99 என்பதைச் சேர்க்க வேண்டும். அதே பெயரில் இரண்டு இருக்கலாம்; எம்17என் என்று போட்டதையே எடுங்கள், அதுதான் புள்ளியைத் தானே வைக்கும். விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999ல் ஏற்றது. 247 எழுத்துக்கும் 31 விசை போதும். இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய். ஏ, எஸ், டி விசைகளில் அ, இ, உ என்ற குறில். அதன் தலைமேலேயே கியூ, டபிள்யூ, இ விசைகளில் ஆ, ஈ, ஊ. வலப்பக்கம் எச், ஜே, கே, எல் என்பவை க, ப, ம, த. எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். விசைமேல் சின்னதாகத் தமிழ் எழுத்து ஒட்டிக்கொண்டால் பழகும்வரை உதவும்.

‘வட்டி’ அடிக்க வ, ட, ட, இ. நாலே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி வந்துவிடும். ‘சங்கம்’ என்றால் ச, ங, க, ம. கடைசிப் புள்ளிக்கு எஃப் விசை.

முன்பு பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கணக்கு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். இப்போது நாம் அடிப்பது யூனிகோடு. 2010ல் அரசும் இதை ஏற்றது. சேலத்தில் அடித்தது நாமக்கல்லில் செல்போனிலும் அப்படியே தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ‘அ’ தட்டணும். ‘பப்பாளி’க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் உறுப்பினர் எல்லார் பெயரையும் ஒருமுறை அடித்து எடுத்து வாருங்கள்.