பாறைக்குள் நீர் தேட மின்காந்த ஆய்வு

சாரல் காலத்தில் குற்றால அருவிகள் கொட்டுகின்றன. சிற்றாறு நிறைந்து ஓடுகிறது. ஆனால் அங்கிருந்து சில கல் தொலைவில் தோண்டும் ஆழ்துளைக் கிணற்றில் வெறும் கல்தூள் மட்டுமே பறப்பதும் உண்டு. கடன் வாங்கித் துளையிட்டவர் நிலை என்ன ஆகும்?

இதற்குக் காரணம் நம் நிலத்தின் அடியிலுள்ள சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளே. இவற்றில் நீர் இரண்டு இடங்களில்தான் தங்கும். ஒன்று, மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கு. மற்றொன்று, அதன் கீழுள்ள விரிசல்கள். விரிசலுக்குச் சில அடி தள்ளித் துளையிட்டாலும் செலவு வீணாகலாம்.

மின்தடை ஆய்வு

உலர்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. அதன் மின்தடை எண் பல ஆயிரம் ஓம் மீட்டர் இருக்கும். நீர் நிறைந்த சிதைந்த பாறையில் இது சில பத்துகளிலிருந்து சில நூறுகளுக்குள் இறங்கிவிடும். இந்த வேறுபாடே ஆய்வின் அடிப்படை. நேர்கோட்டில் 4 முளைகளை அடித்து, வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தம் அளப்பார்கள். முளைகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழத்திலுள்ள பாறையின் தன்மை தெரியவரும்.

மின்காந்த ஆய்வு

இதில் முளை அடிக்காமலே அளக்கும் முறையும் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990ஆம் ஆண்டு முதல் கடற்படையின் வானொலி நிலையம் இயங்குகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக அது அனுப்பும் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் நிலத்துக்குள்ளும் ஊடுருவுகின்றன. நீருள்ள விரிசலில் அவை மின்னோட்டத்தைத் தூண்டும். அதனால் மேலே ஏற்படும் காந்தப்புல மாற்றத்தைக் கைக்கருவி காட்டிவிடும். நிலையத்தை நோக்கிய திசையில் ஓடும் விரிசல்களே இதில் தெளிவாகத் தெரியும். தென்காசியை ஒட்டிய அச்சன்கோவில் உடைவு மண்டலம் வடமேற்கு-தென்கிழக்காக, ஏறத்தாழ அத்திசையிலேயே செல்கிறது.

அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாகச் செல்லும். 1000 ஓம் மீட்டர் பாறையில் 18,000 ஹெர்ட்ஸ் அலை சுமார் 120 மீட்டர் வரை செல்லும். 1 ஹெர்ட்ஸ் அலையோ சுமார் 16 கிலோமீட்டர் செல்லும். இடிமின்னலாலும் சூரியனிலிருந்து வரும் துகள்களாலும் இயற்கையாக எழும் இத்தகைய அலைகளைக் கொண்டு, ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் தென்னிந்தியப் பாறை நிலத்தின் ஆழ அமைப்பை ஆராய்ந்துள்ளது. கிணற்றுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. ஆனால் தத்துவம் ஒன்றே.

கவனிக்க வேண்டியவை

1. துளையிடும் வண்டியை அழைக்கும் முன்பே ஆய்வு செய்யுங்கள். இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.

2. மின்கம்பி, கம்பிவேலி, புதைத்த இரும்புக் குழாய் ஆகியவை அளவைக் கெடுக்கும். அவை இருக்குமிடத்தை ஆய்வாளரிடம் சொல்லுங்கள். ஆய்வு முடியும்வரை மோட்டாரை நிறுத்தி வையுங்கள்.

3. களிமண்ணும் குறைந்த மின்தடை காட்டும். ஆகவே ஒரே அளவை நம்பாமல், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழம், நீர் கண்ட மட்டம் ஆகியவற்றையும் குறித்துக் கொடுங்கள்.

4. ஆய்வு தகுந்த இடத்தைக் காட்டும்; எவ்வளவு நீர் கிடைக்கும் என்று உறுதி கூறாது. "இங்கு வேண்டாம்" என்று ஆய்வாளர் சொன்னால் துளையிடாதீர்கள். மிச்சமாகும் பணமும் இலாபமே.

கண்ட நீரைக் காப்பதும் நம் கடமை. வரப்பை உயர்த்தி, பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரை நிலத்துக்குள் இறக்கினால்தான் விரிசல்களில் மீண்டும் நீர் ஊறும்.