அபிப்பிராயத்துக்கும் சன்மானம் உண்டு

புதிய சோப்போ காப்பித்தூளோ சந்தைக்கு வருமுன், அதை உபயோகிக்கக்கூடியவர்கள் எட்டுப் பேரை ஓர் அறையில் அமர்த்தி, இரண்டு மணி நேரம் பேசவிட்டுக் கேட்கும் சந்தை ஆய்வு நிறுவனங்கள், அந்தச் சிரமத்துக்குப் பிரதியாகப் பணமோ பரிசுக் கூப்பனோ வழங்குவது வழக்கம். வயது, வருமானம், வீட்டில் புழங்கும் பிராண்டு ஆகியவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரிப்பவர்கள், குடும்பத்தினர் எவரேனும் விளம்பரத் துறையில் இருந்தாலோ, அண்மையில் நாம் இத்தகைய கூட்டமொன்றுக்குப் போயிருந்தாலோ பெரும்பாலும் நிராகரித்துவிடுவார்கள். அதை மறைக்கும்படி ஆள் பிடிக்கும் தரகரே சில சமயம் சொல்லிக் கொடுப்பதுண்டு. அந்த உபதேசம் வேண்டாம். பதிவுக் கட்டணமோ ஓடிபியோ கேட்பவரிடம் சம்பாஷணையை அக்கணமே நிறுத்துக. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனிக்காரர் அமர்ந்திருக்கக்கூடும் என்பதற்காக முகஸ்துதி அவசியமில்லை. காப்பி கசந்தால் கசக்கிறது என்றே சொல்லிவிட்டு, கையொப்பமிட்டு உறையை வாங்கிக்கொண்டு வரலாம்.