வீட்டுப் பெரியவர்களுக்குத் தெருவும் துணை



குடும்ப நலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, குழந்தைக்குச் சொட்டு மருந்து, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் போதிய இடைவெளி. எல்லாம் சரிதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமியாரும், கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் தாத்தாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தானே? இந்தப் பிரசுரம் அவர்களைப் பற்றியது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதப்பட்டது. நம் மக்கள் கேட்டு நடந்தார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி 1.8 பிள்ளைதான். அன்று அந்த அறிவுரையை ஏற்ற இளம் தம்பதிகளே இன்று தாத்தாவும் ஆயாவும். 2021-ல் தமிழ்நாட்டில் நூறு பேருக்குச் சுமார் 14 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18 ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்பு ஐந்து பிள்ளை பெற்ற வீட்டில் ஒருவன் பம்பாய்க்குப் போனாலும் ஒருவன் ஊரில் இருப்பான். இப்போது மகள் கட்டிக்கொடுத்த ஊரில், மகன் திருப்பூரில். ஊரில் யார் இருக்கிறார்கள்?

கருணாபுரத்தை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் அந்த இடத்தை நாடு முழுதும் அறிந்தது 2024 ஜூன் மாதத்தில். விஷச் சாராயம் குடித்தவர்கள் ஜூன் 18-ம் தேதி இரவிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் அன்றாடம் கூலி வேலைக்குப் போனவர்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மிகவும் வேண்டியதுதான். ஆனால் சம்பாதிக்கும் கை போன வீட்டில் பிள்ளைகள் மட்டுமா இருப்பார்கள்? மகனைப் பறிகொடுத்த தாயும் இருப்பாள். அவளுடைய சுகர் மாத்திரையை இனி யார் வாங்கி வருவது? பேரப்பிள்ளையை அவளே வளர்க்க வேண்டி வந்தால், அவளை யார் பார்த்துக்கொள்வது?

மலையில் கதை வேறு மாதிரி. கல்வராயன் மலை ஊர்களில் வயதுப் பிள்ளைகள் பிழைப்புக்காக வெளி மாவட்டத்துக்கும் கேரளா, கர்நாடகத்துக்கும் மாதக்கணக்கில் போய்விடுகிறார்கள். வீட்டையும் ஆட்டையும் சின்னக் குழந்தைகளையும் காப்பது முதியவர்கள்தான். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டார்தான் வரவேண்டும்.

"அரசாங்கம் பார்க்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். பார்க்காமல் இல்லை. முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்று, பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்க நர்சும், கை கால் விழுந்தவருக்குப் பயிற்சி கொடுக்க ஆளும் அந்தத் திட்டத்திலேயே உண்டு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மாத்திரை மாதம் ஒரு முறை வரும். பணம் மாதம் ஒரு முறை வரும். மீதி இருபத்தொன்பது நாள்? "தலை சுத்தலு நின்னுபோச்சு, அதனால மாத்திரைய நிறுத்திட்டேன்" என்று ஆயா சொல்வது அந்த இருபத்தொன்பது நாளில்தான். குளியலறையில் வழுக்கி விழுவதும் அப்போதுதான். இடையில் உள்ள அந்த நாட்களைத் தெருவில் உள்ளவர்கள்தான் பார்க்க முடியும்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்கிறோம். பக்கத்து மாநிலமான கேரளாவில், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி தணிக்கும் சிகிச்சைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தீராத நோயாளிகளுக்கு வலியைக் குறைத்து ஆறுதல் தருவது நோக்கம். சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. டாக்டர் எத்தனை நல்லவராக இருந்தாலும், நோயாளி நாள் முழுவதும் இருப்பது வீட்டில்தான். ஆகவே மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்களையே சேர்த்தார்கள். அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அவ்வளவே! வந்தவர்களுக்கு 16 மணி நேரம் பாடம், நாலு நாள் நோயாளிகளோடு நேரடிப் பழக்கம். பிறகு பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். டாக்டரும் நர்சும் அவர்களுக்குப் பின்னால் துணையாக நின்றார்கள். செலவுக்குப் பெரிய முதலாளி யாரையும் தேடவில்லை. கடைகளில் உண்டியல் வைத்தார்கள், பொதுமக்கள் சில்லறை போட்டார்கள். இந்த வழி வளர்ந்த பிறகு, 2008-ல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. ஊர் முதலில் செய்தது, அரசு பின்னால் வந்தது.

"எங்களுக்கு ஏதுங்க நேரம்?"

கரும்பு வெட்டப் போகிறவர்கள், ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் இப்படித்தான் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருவரே எல்லாம் செய்ய வேண்டும் என்றால் முடியாதுதான். தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், ஒருவருக்கு இரண்டு மூன்று வீடு. புதன்கிழமை சாயங்காலம் என்றால் எப்போதும் புதன்கிழமை சாயங்காலம். வருகிற நாள் மாறக்கூடாது. தனியாக இருக்கும் பெரியவர் அந்த நாளைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வராவிட்டால் அவருக்கு ஏற்படும் ஏமாற்றம், முதலிலேயே யாரும் வராமல் இருப்பதைவிடக் கொடியது.

பல ஊர்களில் இந்த வேலை மேடையில் தொடங்கி மேடையிலேயே முடிகிறது. முதியோர் தினத்தன்று பொன்னாடை, பிஸ்கெட் பாக்கெட், ஒரு போட்டோ. மூன்றாம் மாதம் யாரையும் காணோம். மேடை வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

அந்த நோட்டில் தெருவில் உள்ள அறுபது வயதைக் கடந்தவர்களை எழுதுங்கள். யார் தனியாக இருக்கிறார், யார் படுக்கையில், யாருக்குக் கண் தெரியவில்லை, யாருக்கு எந்த மாத்திரை, மகன் அல்லது மகளின் போன் நம்பர் என்ன. எல்லோரும் வீட்டோடு உறவாக இருக்கும் தெருவில் இதை ஒரே சாயங்காலத்தில் எழுதிவிடலாம்.

போனால் என்ன பார்ப்பது?

முதலில் உட்காருங்கள். "சாப்டியா ஆயா?" என்று கேட்டுவிட்டுப் பானையையும் ஒரு பார்வை பாருங்கள். பல பெரியவர்கள் "ஆச்சுப்பா" என்றுதான் சொல்வார்கள். பானை உண்மையைச் சொல்லும்.

மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். பத்து நாளைக்குப் பத்து குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையானால் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். எழுத்து தெரியாதவருக்குக் காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்குச் சந்திரன் என்று படம் போட்ட கவர் செய்து கொடுக்கலாம். ஆனால் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை அல்ல. அது டாக்டர் வேலை.

சுகர் உள்ளவர் என்றால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் குத்தியதும் சுட்டதும் அவருக்கே தெரியாமல் போகும். கொப்புளமோ புண்ணோ இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீட்டு மருமகள் ஒருத்தியே இரவும் பகலும் இதைச் செய்தால் அவளும் படுத்துவிடுவாள். இடுப்பிலோ குதிகாலிலோ சிவந்த இடம், விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால், படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். தேய்க்காதீர்கள். அந்தப் பக்கம் பாரம் படாமல் வைத்து நர்சுக்குச் சொல்லுங்கள். நீங்கள் போகும் அந்த இரண்டு மணி நேரம் மருமகள் குளித்து, கண்ணயர்ந்து எழட்டும். கணவன்மார்களே, இது உங்களுக்கும்தான்! அப்பாவைப் புரட்டிப் போட உங்கள் கைக்கும் பலம் உண்டு.

கண் புரை உள்ளவர்கள் "இந்த வயசுல எதுக்கு ஆபரேசன்?" என்று தள்ளிப் போடுவார்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தித்தான் பெரியவர்களுக்குப் பார்வை கொடுத்தது. இடம் பிடிப்பதும் தண்டோரா போடுவதும் ஊர்க்காரர்கள். பஸ்ஸில் அழைத்துப் போய், ஆபரேசன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது மருத்துவமனை. கூட ஒரு ஆள் வருகிறது என்றால்தான் ஆயா பஸ் ஏறுவாள். திரும்பி வந்தபின் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடவும் ஆள் வேண்டும்.

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, அது பக்கவாதம். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று இராதீர்கள். உடனே 108. நாலரை மணி நேரத்துக்குள் தக்க மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால் மருந்து போட வாய்ப்பு உண்டு. அதேபோல் சாராயம் குடித்த ஒருவர் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால், போதை தெளியட்டும் என்று தூங்க விடாதீர்கள். மெத்தனால் விஷம் பல மணி நேரம் கழித்தே வேலையைக் காட்டும். வழக்கு வருமோ என்ற பயத்தில் ஒளித்து வைத்தால் உயிர் போய்விடும்.

உதவித்தொகை வாங்கும் நாளில் துணைக்குப் போங்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் கைரேகை விழாது, "நாளைக்கு வா" என்பார்கள். இரண்டு நாள் அலைந்தால் ஆயா மூன்றாம் நாள் போகமாட்டாள். ஆனால் பாஸ் புத்தகத்தையோ ஏ.டி.எம். கார்டையோ நீங்கள் வாங்கி வைக்க வேண்டாம். பணம் அவர் கையிலேயே எண்ணப்படட்டும். இதில் ஒரு ரூபாய் சந்தேகம் வந்தாலும் முழு வேலையும் கெட்டுவிடும். உண்டியல் பணத்துக்கும் கணக்கு எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். வீட்டில் பார்த்த நோயையும் சண்டையையும் குழாயடியில் பேசக்கூடாது.

பெற்ற பிள்ளைகள் வசதியிருந்தும் சோறு போடாவிட்டால், 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. 2021-ல் நாடு முழுதும் தொடங்கிய முதியோர் உதவி எண் 14567. இதை நோட்டின் அட்டையில் 108-க்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

அட்டைக்கு அடுத்த முதல் பக்கத்தில் உங்கள் இருவர் பெயரையும், உங்களால் முடிந்த கிழமையையும் எழுதுங்கள். பிறகு நோட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.