தைலக் குப்பியும் வியாபாரியின் வாக்கும்



சென்ற ஆண்டு, சிராங்கூன் சாலைப் பக்கமுள்ள நம் கடைக்கு வாடிக்கையான ஒரு பெரியவர் வந்தார். "பாய், கால் விரலிலே புண். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியிலே நிறுத்திவிட்டேன். நல்ல கிராம்புத் தைலமாகக் கொடுங்கள்" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டென்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் குப்பியைக் கொடுத்து வெள்ளியை வாங்கிப் பெட்டியில் போட்டோம். ஒரு மாதம் கழித்து அவர் மகன் வந்து, ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள் என்றார். அதன்பின் கேட்டும் படித்தும் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பென்சிலினை 1928இல் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே அவர் எச்சரித்தார்: அளவு குறைத்து மருந்துண்டால் கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும். அவ்வாறே ஆயிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரும் இதற்கென 2017இல் ஒரு தேசியத் திட்டம் வகுத்தது.

அப்படியானால் நம் சரக்குகளில் குணமில்லையா? உண்டு. கிராம்பிலுள்ள யூஜினாலும் ஓமத்திலுள்ள தைமாலும் கிருமியின் மேலுறையைச் சிதைக்கின்றன. சில கிருமிகள் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அந்த இறைப்பைத் தடுக்கிறது. ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் சீழ்க்கிருமியிடம் சிப்ரோஃபுளோக்சசின் மருந்தோடு பைப்பரினைச் சேர்த்தபோது மருந்தின் வேகம் கூடியதை ஜம்மு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள்.

ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் கண்டது. மனித உடல் வேறு. கலப்பில்லாத கிராம்புத் தைலம் தோலைப் புண்ணாக்கும். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மேலே தடவும் தைலம் எலும்புவரை இறங்கிய சீழை எட்டாது. பைப்பரின் மாத்திரையோ, நாம் உண்ணும் வேறு மருந்துகள் உடலில் சேரும் அளவையே மாற்றக்கூடும். ஆகவே இவை துணையாகலாம். டாக்டரின் மருந்துக்குப் பதிலாகா.

நாயகம் (ஸல்) அவர்கள் கருஞ்சீரகத்தைச் சிறப்பித்தார்கள். வைத்தியம் செய்துகொள்ளும்படி பணித்தவர்களும் அவர்களே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடுவது முறையன்று.

எனவே நாம் மூன்று காரியங்களைப் பழக்கமாக்கிக்கொண்டோம். புண்ணுக்கென்று தைலம் கேட்பவரிடம் சர்க்கரை வியாதி உண்டா, காய்ச்சல் உண்டா என்று விசாரிக்கிறோம். உண்டென்றால் விற்காமல், அன்றே டாக்டரிடம் போகச் சொல்லுகிறோம். கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம், மீந்ததைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம் என்கிறோம்.

இதனால் சில வெள்ளி நஷ்டந்தான். அந்தப் பெரியவர் இன்றும் கைத்தடியோடு நம் கடைக்கு வருகிறார். ஒரு சொல் குறை கூறியதில்லை. அவரைக் காணும்போதெல்லாம் நம் தலை குனிகிறது. தராசில் எடை குறைக்க அஞ்சும் நாம், சரக்கின் குணத்தைக் கூட்டிச் சொல்லவும் அஞ்ச வேண்டும். வாடிக்கையாளரின் நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.