லயத்திற்கு அப்பால்

கேள்வி: தோட்டத்தை விற்றால் லயத்து வீடும் போய்விடுமே, மலிவு வீடு கிடைக்க வழி உண்டா? (ஜாசின் வாசகர்)

பதில்: நம் அரசியல் சாசனப்படி நிலம் மாநில அதிகாரத்திற்கு உட்பட்ட விஷயமாகையால், தாங்கள் முதலில் நாட வேண்டியது மலாக்கா வீடமைப்பு வாரியத்தையே. அவ்வீடுகளின் விலை தாழ்ந்திருப்பது சந்தையின் கருணையால் அன்று. மலிவு வீட்டிற்கு 1982-இல் 25,000 ரிங்கிட் என உச்சவரம்பு விதித்த அரசாங்கம், 1998-இல் இடத்திற்கேற்ப 42,000 வரை அதனை உயர்த்தியபோதிலும், விலையைக் கட்டுக்குள் வைத்ததன் பயனே அது. தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டியவருக்கு வேலையோடு கூரையும் பறிபோவது பெரும் அநீதி. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமோ லயத்திற்குத் தரம் விதித்ததேயன்றி, அதனை அவருக்கு உடைமையாக்கவில்லை. ஆகையால், தோட்டம் கைமாறும்வரை காத்திராமல், வருமானச் சான்றுடன் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.