அடுக்கலும் கூட்டலும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. அளக்க வேண்டியது ஒரு மூட்டை நெல்லாக இருந்தால் மரக்கால் போதும். பத்து லட்சம் மக்களின் கணக்காக இருந்தால் என் செய்வது? வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றை எதிர்நோக்கிய இவ்வினாவுக்கு விடையாக வந்தவையே 'மெயின்பிரேம்' எனப்படும் பெருங்கணிப்பொறிகள். உலகின் பெரிய வங்கிகள் பலவற்றில் அவை இன்றும் இயங்கி வருகின்றன. அவற்றின் அன்றாட வேலையில் பெரும்பகுதி அடுக்கல், கூட்டல் என்னும் இரண்டு சொற்களில் அடங்கிவிடும். கேட்பதற்கு எளியனவாகத் தோன்றும் இவ்விரண்டையும், கணிதம் பயிலும் மாணவனாகிய நான், கணிப்பொறி பயிலாத நண்பர்களுக்கும் விளங்குமாறு கூற முயல்கிறேன்.

கோப்பும் பதிவும்

ஒருவரைப் பற்றியோ ஒரு கொடுக்கல் வாங்கலைப் பற்றியோ சேர்த்து எழுதப்பட்ட செய்தித் தொகுதி ஒரு பதிவு. பதிவுகள் பல சேர்ந்தது கோப்பு. ஒரு பதிவுக்குள் ஒவ்வொரு செய்திக்கும் உரிய இடம் புலம் எனப்படும். எந்தப் புலத்தை வைத்து வரிசைப்படுத்துகிறோமோ அது திறவுகோல்.

ஒரு கற்பனைக் கல்லூரியின் கல்வி உதவித்தொகைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவும் எட்டு எழுத்து நீளமுடையது. முதல் இரண்டு இடங்களில் துறை எண், அடுத்த மூன்றில் மாணவரின் பதிவெண், கடைசி மூன்றில் தொகை. தமிழ்த் துறைக்கு 10, வரலாற்றுத் துறைக்கு 20, பொருளியல் துறைக்கு 30 என எண்கள் தரப்பட்டுள்ளன. பணம் வழங்கிய வரிசையில் பதிவுகள் இவை:

30 – 114 – 400
10 – 027 – 250
20 – 063 – 300
30 – 109 – 250
10 – 041 – 400
20 – 058 – 250
10 – 033 – 300
30 – 121 – 350

துறைவாரியாக எவ்வளவு வழங்கப்பட்டது என்பதே நமக்கு வேண்டிய விடை.

ஏன் அடுக்கவேண்டும்?

வணிகவியல் நண்பர்களுக்கு இது புதிதன்று. குறிப்பேட்டில் நடவடிக்கைகள் நாள் வரிசையில் உள்ளன. பேரேட்டில் கணக்கு வரிசையில் உள்ளன. முன்னதிலிருந்து பின்னதற்கு எடுத்தெழுதுவதும் ஒருவகை அடுக்கலே. கணிப்பொறி அதையே செய்கிறது. ஆனால் அது அடுக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதுதான் நினைவக இடத்தின் சிக்கனம்.

பதிவுகள் துறை வரிசையில் அடுக்கப்பட்டுவிட்டால், பொறி ஒரே ஒரு கூட்டுத்தொகையை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். பதிவு ஒன்றைப் படிக்கிறது. துறை எண் முந்தைய பதிவின் எண்ணாகவே இருந்தால் தொகையைக் கூட்டுகிறது. எண் மாறினால், சேர்ந்த தொகையை அச்சிட்டு, சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. கடைசிப் பதிவு முடிந்ததும் எஞ்சிய தொகையை அச்சிடுகிறது. எட்டுப் பதிவுகளானாலும் எட்டுக் கோடிப் பதிவுகளானாலும் இதற்கு வேண்டிய நினைவகம் ஒன்றே. நமது கோப்பில் தமிழ் 950, வரலாறு 550, பொருளியல் 1000, ஆக மொத்தம் 2500 ரூபாய் என விடை வரும்.

அடுக்காத கோப்பின்மீது இதே முறையைச் செலுத்தினால், ஒவ்வொரு பதிவிலும் துறை எண் மாறுவதால் எட்டு வரிகள் அச்சாகும். பொறி எந்தத் தவறும் அறிவிக்காது. எட்டு வரிகளையும் கூட்டினாலும் அதே 2500 வரும் என்பதை நண்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன். இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

அட்டைகளிலிருந்து நாடாவுக்கு

இக்கலை கணிப்பொறியைவிட மூத்தது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்கள் ஹெர்மன் ஹாலரித் என்பவர் அமைத்த பொறிகளைக் கொண்டு, துளையிட்ட அட்டைகள் வழியாக எண்ணப்பட்டன. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட அட்டையை அறிமுகப்படுத்தியது. அட்டை அடுக்கும் பொறி ஒரு நேரத்தில் ஒரு பத்தியை மட்டுமே பார்க்கும். அதனால் மூன்று இலக்க எண்ணை அடுக்க அட்டைக்கட்டை மூன்று முறை செலுத்தவேண்டும்.

எந்த இலக்கத்திலிருந்து தொடங்குவது? நூறாம் இடத்திலிருந்து என்றே பலரும் கூறுவர். ஆனால் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குவதே வசதி. 119, 121, 114 என்னும் மூன்று அட்டைகளை ஒன்றாம் இடத்தால் அடுக்கினால் 121, 114, 119 என வரும். அதனைப் பத்தாம் இடத்தால் அடுக்கினால் 114, 119, 121 என ஒழுங்காகிவிடும். பத்தாம் இடத்தில் ஒரே இலக்கமுடைய 114, 119 ஆகிய இரண்டும் முன் சுற்றில் பெற்ற வரிசையைக் கைவிடவில்லை என்பதே இதன் நுட்பம்.

கணிப்பொறி வந்த பிறகு வேறொரு இடர்ப்பாடு எழுந்தது. 1959இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 1401 பொறியின் உச்ச நினைவகம் 16,000 எழுத்துகளே. நிரலுக்கென இடம் ஒதுக்காமல் முழுவதையும் தந்தாலும் 200 அட்டைகளின் செய்தியே அதில் கொள்ளும். கோப்போ அதைவிடப் பன்மடங்கு பெரியது. கொள்ளாத பொருளை எங்ஙனம் அடுக்குவது?

தேர்வுக்கூடத்தில் இதற்கு விடை கிடைக்கிறது. இரண்டு அறைகளிலிருந்து, பதிவெண் வரிசையில் அடுக்கிய இரண்டு விடைத்தாள் கட்டுகள் வருகின்றன. இரண்டையும் ஒரே வரிசையாக்க, இரு கட்டுகளின் மேல்தாள்களை மட்டும் ஒப்பிட்டு, சிறிய எண்ணுள்ளதை எடுத்து வைத்துக்கொண்டே போனால் போதும். உள்ளே இருக்கும் தாள்களைப் புரட்ட வேண்டியதே இல்லை. இதுவே இணைத்து அடுக்கும் முறை. ஜான் வான் நாய்மன் 1945இல் இம்முறைக்கான நிரலை எழுதினார். 1951இல் யூனிவாக் கணிப்பொறிக்காக, அடுக்கி இணைக்கும் நிரல்களைத் தானே உருவாக்கித் தரும் நிரலை எழுதியவர் பெட்டி ஹோல்பர்ட்டன் என்னும் பெண்மணி.

ஒரு லட்சம் பதிவுகளை ஆயிரம் ஆயிரமாக நினைவகத்தில் அடுக்கி வெளியே எழுதினால் 100 கட்டுகள் கிடைக்கும். அவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் 50, 25, 13, 7, 4, 2, 1 என ஏழு சுற்றுகளில் வேலை முடியும். பத்துப் பத்தாக இணைத்தால் இரண்டே சுற்றுகள் போதும்.

இரண்டு வரிக் கட்டளை

1964இல் ஐ.பி.எம். 360 வரிசையும் அதன்பின் 370 வரிசையும் வந்தன. 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்டதும் 370 வகைப் பொறியே. இவ்வரிசையின் வழிவந்த இன்றைய பொறிகளில் அடுக்கலுக்கென ஆயத்த நிரல் உள்ளது. நமது கோப்புக்கு இரண்டு வரிகள் போதும்:

சார்ட் ஃபீல்ட்ஸ் = (1, 2, சி.எச்., ஏ)
சம் ஃபீல்ட்ஸ் = (6, 3, இசட்.டி.)

முதல் வரியின் பொருள்: முதல் இடத்தில் தொடங்கி இரண்டு எழுத்துகளைத் திறவுகோலாகக் கொண்டு, எழுத்துகளாகவே கருதி, ஏறுவரிசையில் அடுக்குக. இரண்டாம் வரியின் பொருள்: திறவுகோல் ஒன்றாக உள்ள பதிவுகளை ஒரே பதிவாக்கி, ஆறாம் இடத்தில் தொடங்கும் மூன்று இலக்க எண்களைக் கூட்டுக. கட்டளை சிறியதாயினும் கவனிக்க வேண்டியவை நான்கு உள.

முதலாவது, எழுத்து வரிசை. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியின் எழுத்துக் குறியீட்டில் ஆங்கில எழுத்துகள் முன்னும் இலக்கங்கள் பின்னும் வரும். நம் மேசைக் கணிப்பொறியில் இலக்கங்கள் முன்னே வரும். ஓரிடத்தில் அடுக்கிய கோப்பை அப்படியே மற்றோரிடத்தில் இணைத்தால் வரிசை குலையும்.

இரண்டாவது, எண்ணின் வகை. பழைய வழங்கலைத் திருத்தக் கழித்தல் குறியுடன் 250 எனப் பதிவு வரலாம். இவ்வகைப் புலத்தில் குறியானது கடைசி இலக்கத்துடன் சேர்ந்தே இருக்கும். அப்புலத்தை எழுத்தாகக் கருதி அடுக்கினால், முதலில் உள்ள 2 என்பதைப் பார்த்து, அது 100க்குப் பின்னே வைக்கப்பட்டுவிடும்.

மூன்றாவது, எஞ்சிய புலங்கள். தமிழ்த் துறையின் மூன்று பதிவுகள் ஒன்றாகும்போது தொகை 950 ஆகும். அப்பதிவில் உள்ள மாணவர் பதிவெண்ணோ மூவருள் ஒருவருடையதாகவே இருக்கும். அதைப் பார்த்து அம்மாணவர் 950 ரூபாய் பெற்றார் என்று கொள்ளலாகாது.

நான்காவதே மிக முக்கியமானது. பொருளியல் துறையின் கூட்டுத்தொகை 1000. புலத்தின் அகலமோ மூன்று இலக்கம். 999க்கு மேல் கொள்ளாது. அப்போது பொறி அவ்விரு பதிவுகளையும் கூட்டாமல் தனித்தனியே விட்டுவிடும். 400ஐயும் 250ஐயும் முதலில் கூட்டியிருந்தால், 30 என்னும் துறைக்கு 650 என ஒரு பதிவும் 350 என மற்றொன்றும் வெளிவரும். எச்சரிக்கைச் செய்தி ஒன்று எழுதப்படும். ஆனால் வேலை நிற்பதும் தொடர்வதும் அந்த நிலையத்தார் அமைத்துள்ள விதியைப் பொறுத்தது. அடுத்து வரும் நிரல் துறைக்கு ஒரு பதிவே இருக்குமென நம்பி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், 350 ரூபாய் கணக்கிலிருந்து மறைந்துவிடும். கூட்டுமுன்பே புலத்தை அகலமாக்கிக்கொள்வதே இதற்குத் தக்க வழி.

சரிபார்த்தல்

வணிகவியலில் இருப்பாய்வு எதற்கோ, கணிப்பொறியில் கட்டுப்பாட்டுத் தொகை அதற்கு. உள்ளே சென்ற தொகை 2500; வெளியே வந்ததும் 2500 தானா என்று பார்ப்பர். ஆயினும் இது மட்டும் போதாது. அடுக்காத கோப்பில் எட்டு வரிகள் வந்தபோதும் மொத்தம் 2500. புலம் கொள்ளாமல் 650, 350 எனப் பிரிந்தபோதும் மொத்தம் 2500. இரண்டு பிழைகளையும் காட்டிக்கொடுப்பது வெளிவந்த பதிவுகளின் எண்ணிக்கையே. மூன்று துறைகளுக்கு மூன்று பதிவுகள் இருக்கவேண்டிய இடத்தில் எட்டோ நான்கோ இருந்தால், ஏதோ கோளாறு என அறியலாம்.

கூட்டுவதற்கு முன், அடுக்கிய கோப்பில் எல்லாப் பதிவுகளும் உள்ளனவா என்று பார்க்கப் பதிவெண்களையே கூட்டும் வழக்கமும் உண்டு. நம் கோப்பில் அது 566. மாணவர் எண்களைக் கூட்டுவதில் தனிப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பதிவு விடுபட்டு வேறொன்று இருமுறை நுழைந்தால் இந்த எண் மாறிவிடும்.

இவை மூன்றும் பொய்க்கும் இடமும் ஒன்றுண்டு. இன்று அலுவலகந்தோறும் பயன்படும் விரிதாளில், ஒருவர் தொகைப் பத்தியை மட்டும் தனியே தேர்ந்து ஏறுவரிசையில் அடுக்கிவிட்டார் என்று கொள்வோம். பதிவுகள் எட்டே, மொத்தம் 2500, பதிவெண்களின் கூட்டு 566. எல்லாம் சரி. ஆனால் 400 பெறவேண்டிய 114ஆம் எண் மாணவருக்கு 250 என்றும், 300 பெறவேண்டிய 033ஆம் எண் மாணவருக்கு 400 என்றும் கணக்கு மாறியிருக்கும். இதற்கு நான் சொல்லும் வழி எளிய பெருக்கல். ஒவ்வொரு பதிவிலும் பதிவெண்ணைத் தொகையால் பெருக்கி, அப்பெருக்குத்தொகைகளைக் கூட்டினால் நமது கோப்பில் 1,81,650 வரும். தொகைப் பத்தி மட்டும் நகர்ந்த கோப்பில் 1,77,900 வரும். எண்ணும் தொகையும் பிரிந்துவிட்டதைப் பெரும்பாலும் இது காட்டிக்கொடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும், எழுதும்போதே துறை எண் தவறாக எழுதப்பட்டிருந்தால் எந்தப் பொறியாலும் கண்டுபிடிக்க இயலாது. மூலச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதரின் வேலை அங்கே மாறாமல் இருக்கிறது.

முடிவாக

இன்றைய கணிப்பொறிகளில் நினைவகம் மிகுதி. எல்லாத் துறைகளின் கூட்டுத்தொகைகளையும் ஒருங்கே நினைவில் வைத்து, அடுக்காமலே கூட்டும் முறைகளும் வழக்கில் உள்ளன. எனினும் சரிபார்க்கும் கடமை எம்முறையிலும் குறைவதில்லை. மொத்தம் ஒத்துவந்தால் கணக்கு முடிந்தது என்று மனநிறைவு கொள்வது நம் இயல்பு. ஆனால் உதவித்தொகை பெறும் மாணவருக்கு மொத்தம் 2500 ரூபாய் என்பது ஒரு பொருட்டன்று. தம் எண்ணுக்கு நேரே உள்ள 350 ரூபாயே அவருக்குக் கணக்கு. அது கிடைக்காவிட்டால் அவர் தேர்வுக் கட்டணம் செலுத்த முடியாமற் போகலாம். நாளை வங்கியிலோ கருவூலத்திலோ கல்லூரி அலுவலகத்திலோ கணக்கோடு பழகப்போகும் நண்பர்கள், கூட்டிய பின் மொத்தத்தை மட்டுமன்றிப் பதிவுகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். தொகை உரியவர் பெயரில்தான் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கணக்காயினும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.